குமரிக் கடலில் ராடார் படம் காட்டும் அலையும் மிதவை காட்டும் அலையும் ஏன் பொருந்தவில்லை?

குமரித்துறை (கேள்வி)

வணக்கம். கடற்கரைப் பொறியியல் முதுநிலை ஆய்வேட்டிற்காகக் கன்னியாகுமரிக்கு மேற்கேயுள்ள கடற்பகுதியின் அலைகளை ராடார் படங்களிலிருந்து கணிக்க முயன்று வருகிறேன். கள்ளக்கடல் (தொலைவிலிருந்து வரும் நீண்ட அலைகள் திடீரெனக் கரையேறுவது) எச்சரிக்கை நடப்பில் இருந்த ஒரு மே மாதக் காலையில் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் தரவிறக்கி, ஏறத்தாழ 20 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஐந்து கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, அதிலுள்ள அலைகளை நீளம், திசை வாரியாகப் பிரித்துக் காட்டும் இருபரிமாண ஃபூரியர் உருமாற்றம் செய்தேன். அலைநீளம் 210 மீட்டர் அளவில் ஆற்றல் குவிந்த ஒரே ஒரு தெளிவான முகடு கிடைத்தது. அதன் திசை ஏறக்குறைய வடக்கு தெற்காக உள்ளது.

அதே காலையில் அந்தப் பகுதியிலிருந்த ஒரு மிதவையின் அறிக்கை, குறிப்பிடத்தக்க அலை உயரம் (மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம்) 1.6 மீட்டர் என்றும் சராசரி அலைக்காலம் 7 நொடி என்றும் சொல்கிறது. ஏழு நொடி அலையின் நீளம் 20 மீட்டர் ஆழத்தில் எழுபது மீட்டர் சொச்சம்தான் வர வேண்டும். 210 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. முந்தைய நாள் இரவு கரையிலிருந்து தொலைவில் கடந்த ஓர் ஆல்டிமீட்டர் (நேர் கீழே துடிப்பை அனுப்பி உயரம் அளக்கும் ராடார்) செயற்கைக்கோளோ உயரம் 1.9 மீட்டர் என்கிறது. இவற்றில் எதை நம்புவது?

மேலும் மூன்று ஐயங்கள் உண்டு. இந்தப் படத்திலிருந்து அலையின் உயரத்தைக் கணக்கிட வழி இருக்கிறதா? முகடு வடக்கிலும் தெற்கிலும் சமச்சீராக விழுவதால், அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை எப்படித் தீர்மானிப்பது? எங்கள் மாவட்டத்து மீன்பிடித் துறைமுகம் ஒன்றின் அலைத் தடுப்புச் சுவரில் கப்பல் ராடார் ஒன்றை நிறுவிவிட்டால் செயற்கைக்கோளே தேவையில்லை என்று என் நெறியாளர் கருதுகிறார், அது சரியா?

அலைநிறமாலை (மறுமொழி)

மூன்று கருவிகளும் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன; ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறது.

முதலில் 210 மீட்டரை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அலைநீளம், காலத்தின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் கிடைக்கும். ஆனால் அலை கரையை நெருங்கி அடித்தளத்தை உணரத் தொடங்கியதும், காலம் மாறாமல் நீளம் மட்டும் சுருங்கும். பதினாறு நொடிக் காலமுள்ள அலை ஆழ்கடலில் 400 மீட்டர் நீளமுடையது. 20 மீட்டர் ஆழத்தில் அது 212 மீட்டராகிறது. 10 மீட்டர் ஆழத்தில் 154 மீட்டராகிவிடும். ஆக, உங்கள் படத்தில் தெரிவது பதினாறு நொடி ஸ்வெல் அலை, அதாவது தொலைதூரப் புயலில் எழுந்து ஓடிவரும் நீண்ட அலை. மே மாதத்தில் குமரிக் கரைக்கு அத்தகைய அலை வருமானால், அது தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலையாகத்தான் இருக்க முடியும். மிதவை சொன்ன ஏழு நொடி என்பது, கடலில் ஒரே நேரத்தில் இருந்த இரண்டு அலைத் தொகுதிகளையும் சேர்த்துக் கலக்கிய சராசரி. உள்ளூர்க் காற்று எழுப்பிய குட்டை அலைகள் எண்ணிக்கையில் மிகுதி என்பதால் சராசரி அவற்றின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மிதவை அறிக்கையின் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு அதன் முழு நிறமாலையை, அதாவது ஒவ்வொரு அலைக்காலத்திலும் எவ்வளவு ஆற்றல் என்ற பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். பதினாறு நொடிக்கு அருகே இன்னொரு முகடு இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

அப்படியானால் அந்தக் குட்டை அலைகள் ராடார் படத்தில் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. சென்டினல்-1 சுமக்கும் செயற்கைத் துளை ராடார் (பறந்துகொண்டே பெறும் எதிரொலிகளைச் சேர்த்து நுண்ணிய படமாக்கும் ராடார்) எப்படிப் பார்க்கிறது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்டினல்-1 அனுப்பும் நுண்ணலையின் நீளம் ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர். அது சாய்வாகக் கடலில் விழும்போது, அதே அளவிலான சில சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகளிலிருந்துதான் பிராக் சிதறல் (சீரான இடைவெளியுள்ள சிற்றலைகளின் எதிரொலிகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவது) வழியாக எதிரொலி திரும்புகிறது. உங்கள் ஸ்வெல் அலையை ராடார் நேரடியாகக் காண்பதே இல்லை. அந்தச் சிற்றலைகளின் மீது ஸ்வெல் ஏற்படுத்தும் ஏற்றத்தாழ்வைத்தான் காண்கிறது. இதனால்தான் காற்று நொடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே ஓய்ந்துவிட்டால், அடியில் எவ்வளவு பெரிய ஸ்வெல் ஓடினாலும் படம் கருமையாகிவிடும்.

அந்த ஏற்றத்தாழ்வு மூன்று வழிகளில் உண்டாகிறது. அலையின் சரிவு ராடாரை நோக்கிச் சாயும்போது எதிரொலி கூடுகிறது, விலகும்போது குறைகிறது. அடுத்து, அலையின் நீரோட்டம் சிற்றலைகளை ஓரிடத்தில் நெருக்கியும் வேறிடத்தில் பரப்பியும் வைக்கிறது. இவ்விரண்டும் ராடார் பார்க்கும் திசையில் ஓடும் அலைக்குச் சிறப்பாக வேலை செய்யும். செயற்கைக்கோள் பறக்கும் திசையிலேயே ஓடும் அலைக்கு ஏறத்தாழ ஒன்றும் செய்யா. உங்கள் படம் காலையில் எடுக்கப்பட்டது என்கிறீர்கள். அப்படியெனில் அது வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் பாதை. அந்தப் பாதை தென்தென்மேற்காகச் சாய்ந்து செல்லும். குமரிக்கு வரும் ஸ்வெல்லும் ஏறக்குறைய அதே கோட்டில் எதிர்த்து வரும். எனவே உங்களுக்குக் கைகொடுத்தது மூன்றாவது வழி மட்டுமே.

அந்த மூன்றாவது வழியைத் திசைவேகத் திரட்சி எனலாம். செயற்கைத் துளை ராடார் ஒரு புள்ளியின் இடத்தைப் பறப்புத் திசையில் அதன் டாப்ளர் மாற்றத்தை (அசைவினால் எதிரொலியின் அதிர்வெண் மாறுவதை) கொண்டே நிர்ணயிக்கிறது. அசையும் பொருளின் டாப்ளர் கூடவோ குறையவோ செய்வதால், அது படத்தில் தவறான இடத்தில் விழுகிறது. எவ்வளவு தவறான இடத்தில் என்பது, சாய்தூரத்தைச் செயற்கைக்கோளின் வேகத்தால் வகுத்த ஈவைப் பொறுத்தது. சென்டினல்-1 ஏறத்தாழ 693 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், அந்த ஈவு 110 நொடி அளவில் வரும். நீர்ப்பரப்பு ராடாரை நோக்கி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் எழும்பினால், படத்தில் அது 110 மீட்டர் தள்ளிப் போய் விழும் என்று பொருள். ஸ்வெல் அலையின் ஒரு பக்கம் எழும்பவும் மறுபக்கம் அமிழவும் செய்வதால், புள்ளிகள் சில இடங்களில் திரண்டும் சில இடங்களில் கலைந்தும் விழுகின்றன. நீங்கள் காணும் கோடுகள் அந்தத் திரட்சிதான்.

இதே வழிதான் குட்டை அலைகளை அழிக்கவும் செய்கிறது. உள்ளூர்க் காற்றலைகள் ஒழுங்கின்றி மேலும் கீழும் ஆடுவதால், அவற்றின் புள்ளிகள் பறப்புத் திசையில் தாறுமாறாகச் சிதறி, ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே எல்லாம் மங்கிப்போகிறது. இந்த வெட்டுநீளம், அசைவின் திட்டவிலக்கத்தை முன்சொன்ன 110 நொடியாலும் π-ஆலும் (3.14) பெருக்கினால் வருவது. இரண்டு மீட்டர் உயரமுள்ள பதினாறு நொடி ஸ்வெல் மட்டும் இருந்தால் திட்டவிலக்கம் நொடிக்கு 0.2 மீட்டர்; வெட்டுநீளம் எழுபது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே இரண்டு மீட்டர் உயரம் ஆறு நொடிக் காற்றலையாக இருந்தால் திட்டவிலக்கம் 0.52 மீட்டர், வெட்டுநீளம் 180 மீட்டர். உயரம் ஒன்றாயினும் காலம் குறைந்தால் நீர் வேகமாக அசைய வேண்டியிருக்கிறது என்பதே காரணம்.

உங்கள் காலையில் மொத்தம் 1.6 மீட்டர் என்பதை, ஒரு மீட்டர் ஸ்வெல்லும் 1.3 மீட்டர் காற்றலையும் எனக் கொண்டு பாருங்கள்; இருவர்க்கங்களின் கூட்டுக்கு மூலம் எடுத்தால் 1.64 வருகிறது. அசைவின் திட்டவிலக்கம் நொடிக்கு 0.3 மீட்டர் அளவிலும், வெட்டுநீளம் 100 மீட்டரைத் தாண்டியும் அமைகிறது. எழுபது மீட்டர் காற்றலை அதற்குள் மூழ்கிவிட்டது. 210 மீட்டர் ஸ்வெல் தப்பிவிட்டது.

தப்பியதும் முழுமையாகத் தப்பவில்லை. இதே எண்களைக் கொண்டு கணக்கிட்டால், 210 மீட்டர் நீளத்தில் படத்தின் நிறமாலை ஆற்றல் உண்மையில் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகத் தேய்ந்திருக்கும். இதைத் திருத்தாமல் உயரம் கணக்கிட்டால், உண்மை உயரத்தின் அறுபது விழுக்காடுதான் கிடைக்கும். திருத்துவதற்கு வேண்டிய எண் படத்திலேயே இருக்கிறது: பறப்புத் திசையில் தன்தொடர்புச் சார்பை (படத்தை அதன் நகர்த்திய பிரதியோடு ஒப்பிடும் அளவை) எடுத்து, அதன் நடு முகட்டுக்கு ஒரு காஸியன் (மணி வடிவ) வளைவைப் பொருத்தினால், அதன் அகலம் வெட்டுநீளத்தைத் தந்துவிடும். அதை முதலில் செய்யுங்கள். ஸ்வெல்லினால் ஏற்படும் இடப்பெயர்ச்சி பத்து மீட்டர் அளவே என்பதும், அது 210 மீட்டருக்கு முன் மிகச் சிறிது என்பதும் உங்களுக்குச் சாதகம். படத்துக்கும் கடலுக்குமான உறவு ஏறத்தாழ நேரியலாக இருக்கும். அப்படி இல்லாத நிலைமைகளுக்கான முழு நேரியலற்ற உருமாற்றத்தை ஹாசல்மன் இணையர் 1991-இல் வகுத்துத் தந்தார்கள். ஆனால் அதைப் பின்னோக்கித் தீர்க்க, ஓர் அலை மாதிரியிலிருந்து தொடக்க ஊகம் ஒன்று வேண்டும். வெட்டுக்குள் மூழ்கிய பகுதியை அந்த ஊகம்தான் நிரப்புகிறது. எனவே அத்தகைய விளைவை அப்படியே 'அளவீடு' என்று ஆய்வேட்டில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

வடக்கா தெற்கா என்ற ஐயத்துக்கு, கட்டம் (phase, எதிரொலி அலையின் சுழற்சி நிலை) நீக்கிய உங்கள் படத்தில் விடை இல்லை. கட்டத்தோடு கூடிய சிக்கலெண் தரவைச் சில பத்தில் ஒரு பங்கு நொடி இடைவெளியுள்ள இரு பார்வைகளாகப் பிரித்து, அவற்றின் குறுக்கு நிறமாலையை எடுத்தால், அலை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது கட்ட வேறுபாட்டின் குறியில் தெரியும். எங்கெனும் யோன்செனும் 1995-இல் காட்டிய வழி அது. உங்கள் இடத்தில் அவ்வளவு பாடு தேவையில்லை. வடக்கே நிலம் இருக்கிறது. பதினாறு நொடி அலை நிலத்திலிருந்து பிறந்து வராது.

மிதவைக்காரர் (மறுமொழி)

மேலே உள்ள விளக்கத்தில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆல்டிமீட்டர் எண்ணைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அலை உயரத்துக்கு விண்வெளியிலிருந்து கிடைக்கும் தரவுகளில் நான் முதலில் நம்புவது அதைத்தான்.

ஆல்டிமீட்டர் நேர் கீழே துடிப்பை அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியின் வடிவத்தைப் பதிவு செய்கிறது. கடல் தட்டையாக இருந்தால் எதிரொலி சட்டென்று உயரும். அலை இருந்தால், துடிப்பு முதலில் முகடுகளைத் தொட்டுப் பிறகு பள்ளங்களைத் தொடுவதால், உயர்வு சாய்வாகிறது. அந்தச் சாய்விலிருந்து உயரம் கிடைக்கிறது. குறிப்பிடத்தக்க அலை உயரம் 4 மீட்டர் எனில், நீர்மட்டத்தின் திட்டவிலக்கம் ஒரு மீட்டர். போய்வரும் நேரத்தில் அது ஏறத்தாழ 6.7 நானோநொடிப் பரவல். இதில் சிற்றலைகளின் பண்பேற்றம், திசைவேகத் திரட்சி என்ற சிக்கல்கள் எவையும் இல்லை, வடிவியல் மட்டுமே. 2011 பிப்ரவரி 14 அன்று வட அட்லாண்டிக் புயலொன்றின் நடுவே ஜேசன்-2 கடந்தபோது 20.1 மீட்டர் குறிப்பிடத்தக்க உயரத்தை அளந்தது என்பதிலிருந்து இதன் வீச்சை உணரலாம். அத்தகைய இடத்தில் கப்பலையோ மிதவையையோ வேண்டும்போது கொண்டுபோய் நிறுத்த முடியாது.

ஆனால் ஆல்டிமீட்டர் உயரத்தைச் சொல்லும், காலத்தையும் திசையையும் சொல்லாது. 1.9 மீட்டர் என்ற எண் ஸ்வெல்லா காற்றலையா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. அது அளக்கும் வட்டம் அலை உயரத்தைப் பொறுத்துப் பல கிலோமீட்டர் விட்டமுள்ளது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நிலத்தின் எதிரொலி கலந்து வடிவம் கெட்டுவிடுவதால், பழைய வகைக் கருவிகளின் கரையோர எண்களை நான் தொடுவதே இல்லை. 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 ஏவிய இந்திய பிரெஞ்சுச் செயற்கைக்கோளான சரல், கே.ஏ. பட்டை ஆல்டிமீட்டரைச் சுமந்தது. அதன் குறுகிய வட்டம் கரைக்கு நெருக்கமாகவும் அளக்க உதவியது, ஆனால் மழையில் அந்தப் பட்டை எளிதில் தடுமாறும். சென்டினல்-3 போன்றவை பறப்புத் திசையில் ஏறத்தாழ 300 மீட்டருக்குக் கூர்மைப்படுத்துகின்றன.

உங்கள் 1.6-க்கும் 1.9-க்கும் இடையிலான வேறுபாடு என்னை வியப்பில் ஆழ்த்தவில்லை. மிதவை ஒரே புள்ளியில் அரைமணி அளவில் நேரத்தைச் சராசரி செய்கிறது. ஆல்டிமீட்டர் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆறு ஏழு கிலோமீட்டர் தூரத்தைச் சராசரி செய்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அளந்தாலே 20, 30 சென்டிமீட்டர் வேறுபாடு வழக்கமானது. நீங்கள் ஒப்பிடுவதோ வேறு இரவு, வேறு ஆழம்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை நாட்களில் உயரத்தை மட்டும் பார்ப்பது மக்களைத் தவறான நம்பிக்கைக்கு இட்டுச் செல்கிறது. கரைச்சரிவில் நீர் ஏறும் உயரம், அலை உயரம் ஒன்றாக இருக்கும்போது காலத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது. பதினாறு நொடி அலை ஆறு நொடி அலையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஏறும். ஒரு மீட்டர் ஸ்வெல் என்று கேட்டுவிட்டுக் கரையில் வள்ளத்தை வழக்கமான இடத்திலேயே விட்டு வைப்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. ஆகையால் 210 மீட்டர் என்ற உங்கள் எண், உயரமே தெரியாவிட்டாலும், அந்தக் காலையின் மிக முக்கியமான அளவீடு.

துறைமுகப் பொறியாளர் (மறுமொழி)

அலைத் தடுப்புச் சுவரில் கப்பல் ராடாரை வைப்பது பற்றிய கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன். வைக்கலாம், ஆனால் நெறியாளர் எண்ணுவதுபோல அது செயற்கைக்கோளுக்கு மாற்றாகிவிடாது.

எக்ஸ் பட்டைக் கப்பல் ராடாரின் அலைநீளம் மூன்று சென்டிமீட்டர். கப்பலோட்டிகளுக்குத் தொல்லையாகத் திரையில் தெரியும் கடல் இரைச்சல்தான் நமக்குத் தரவு. எனவே முதல் வேலை, அந்த இரைச்சலை அடக்கும் குமிழை முற்றிலும் அணைத்துவிட்டு, பெருக்கத்தையும் ஒரே நிலையில் நிறுத்திவிடுவது. இயக்குபவர் எவரேனும் பழக்கதோஷத்தில் அந்தக் குமிழைத் திருப்பிவிட்டால், அன்றைய பதிவு முழுவதும் வீண். அடுத்து, மிகக் குறுகிய துடிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 50 நானோநொடித் துடிப்பு 7.5 மீட்டர் தூரப் பிரிதிறனைத் தரும்.

ஆன்டெனா ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு படத்தைத் தருகிறது. தொடர்ச்சியான படங்களை அடுக்கி, இரு நீளங்களும் ஒரு நேரமுமாக முப்பரிமாண ஃபூரியர் உருமாற்றம் செய்கிறோம். யங், ரோசன்தால், சீமர் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட வழிமுறை அது. உண்மையான அலையின் ஆற்றல் முழுவதும், அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் இணைக்கும் பிரிகைச் சமன்பாட்டின் வளைபரப்பின் மீது உட்கார்ந்திருக்கும். இரைச்சல் எல்லாத் திசையிலும் பரவியிருக்கும். வளைபரப்பை ஒட்டி வடிகட்டினால் அலை தனியே பிரிந்துவிடும். நேரமும் பதிவில் இருப்பதால் வடக்கா தெற்கா என்ற குழப்பமே எழாது. அந்த வளைபரப்பு சாய்ந்திருந்தால் நீரோட்டமும், வளைவு மாறியிருந்தால் ஆழமும் கூடவே கிடைக்கும். மணல்திட்டு இடம்மாறும் துறைமுக முகத்துவாரத்துக்கு இந்த ஆழக் கணிப்பு, அலை உயரத்தைவிடப் பயன்மிக்கது என்பது என் கருத்து.

சுற்றும் வேகத்தைக் கவனித்துக் கருவியை வாங்குங்கள். நிமிடத்துக்கு 24 சுற்று எனில் படங்களுக்கு இடையே இரண்டரை நொடி. ஐந்து நொடிக்குக் குறைந்த அலைகள் போலி அதிர்வெண்ணில் விழும். நிமிடத்துக்கு 48 சுற்று எனில் அந்தத் தொல்லை பாதியாகும். உங்கள் பதினாறு நொடி ஸ்வெல்லுக்கு எதுவும் போதும்.

உயரம்தான் இங்கேயும் முட்டுக்கட்டை. மிகச் சாய்ந்த கோணத்தில் பார்ப்பதால், முகடுகள் தமக்குப் பின்னாலுள்ள பள்ளங்களை மறைத்துவிடுகின்றன. எதிரொலியின் வலிமைக்கும் அலை உயரத்துக்கும் நேரடி உறவு இல்லை. அலைக்குரிய ஆற்றலை இரைச்சல் ஆற்றலால் வகுத்து, அதன் இருமடி மூலத்தை உயரத்தோடு நேர்கோட்டில் பொருத்துவது வழக்கம். அந்தக் கோட்டின் இரு மாறிலிகளையும் ஒவ்வொரு நிறுவலிலும் ஒரு மிதவையை வைத்துத்தான் கண்டறிய வேண்டும். மிதவை வாங்கும் செலவைத் தவிர்க்க ராடாரை வைக்கிறோம் என்று திட்ட அறிக்கையில் எழுதுபவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். டாப்ளரை நேரடியாக அளக்கும் புதுவகைக் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல். எந்தக் கருவியானாலும் அலைபரப்பு உரிமம் வேண்டும். அதற்கான கால அவகாசத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குமரித்துறை (தொடர் கேள்வி)

மூவருக்கும் மிக்க நன்றி. மிதவையின் முழு நிறமாலையைக் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். இரண்டு துணைக்கேள்விகள்: கல்பாக்கத்திலும் கடலூரிலும் உள்ள கரையோர உயர் அதிர்வெண் ராடார்கள் இருநூறு கிலோமீட்டர் வரை பார்ப்பதாகப் படித்தேன், அவற்றின் தரவு உதவுமா? 2025-இல் ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் எல் பட்டை அலைநீளம் 24 சென்டிமீட்டர் என்பதால், அதில் இந்த வெட்டுநீளம் குறைந்து காற்றலைகளும் தெரியுமா?

அலைநிறமாலை (மறுமொழி)

முதல் கேள்விக்கு: இல்லை. அந்த இணை ராடார்கள் வங்கக் கடலின் மேற்பரப்பு நீரோட்டத்தை அளப்பதற்காக அமைந்தவை. குமரிக்கரை அவற்றின் பார்வைக்கு வெளியே உள்ளது. பார்வைக்குள் இருந்தாலும் பயன் குறைவு. ஐந்து மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழான அதிர்வெண்ணில் ராடார் அலை எழுபது மீட்டர் அளவு நீளமுடையது. அதில் பாதி நீளமுள்ள கடல் அலைகள் பிராக் முறையில் வலுவான எதிரொலி தரும் என்பதை டக்ளஸ் கிராம்பி 1955-இலேயே நியூசிலாந்திலிருந்து காட்டினார். நீரோட்டத்துக்கு அந்த முதல்நிலை எதிரொலி போதும். அலை நிறமாலைக்கு, அதன் இருமருங்கிலும் மெலிதாக நிற்கும் இரண்டாம்நிலை எதிரொலி வேண்டும். தொலைதூர வகை ராடாரில் ஒரு மீட்டர் அலைக்கு அது இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கும் பெரிதும் இல்லை என்பதே விடை. வெட்டுநீளத்தை ஆள்வது சாய்தூரத்துக்கும் வேகத்துக்குமான விகிதமும் கடலின் அசைவும்தான். ராடாரின் அலைநீளம் அந்தப் பெருக்கலில் வரவில்லை. நிசார் பறப்பதோ சென்டினல்-1-ஐவிடச் சற்று உயரத்தில். உங்கள் தேவைக்கு நெருக்கமானது 2018 அக்டோபரில் ஏவப்பட்ட சீன பிரெஞ்சுச் செயற்கைக்கோளான சி.எஃப்.ஓ.சாட். அதிலுள்ள ஸ்விம் என்ற கருவி செயற்கைத் துளை ராடார் அன்று. செங்குத்திலிருந்து பத்துப் பாகைக்குள் சாய்ந்த கற்றைகளை வட்டமாகச் சுழற்றி, ஏறத்தாழ 70 முதல் 500 மீட்டர் வரையிலான அலைகளின் திசை நிறமாலையைத் தருகிறது. திசைவேகத் திரட்சி அதில் இல்லாததால், பறப்புத் திசையில் வரும் அலைகளையும் அது ஒரே நேர்மையோடு காண்கிறது. ஆனால் அதன் ஒரு நிறமாலை எண்பது கிலோமீட்டர் அளவிலான பரப்புக்கானது. கரையோரத்துக்குப் பொருந்தாது, ஆழ்கடலில் ஸ்வெல்லைச் சரிபார்க்கப் பொருந்தும்.

அந்தச் சரிபார்ப்பைத்தான் அடுத்து செய்யுமாறு பரிந்துரைக்கிறேன். பதினாறு நொடி ஸ்வெல்லின் ஆற்றல் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். தெற்கே 45 பாகையை ஒட்டி ஒரு புயல் இருந்திருந்தால், குமரி வரை தூரம் 6,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பயணம் ஐந்தரை நாள். சென்டினல்-1 பெருங்கடல் நடுவே அலை முறையில் இயங்கும்போது, பாதை நெடுக 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக 20 கிலோமீட்டர் பக்கமுள்ள படங்களை எடுத்து, அவற்றிலிருந்து கணித்த அலை நிறமாலையையும் தருகிறது. உங்கள் படத்துக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முந்தைய அந்தத் தரவுகளில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 முதல் 30 பாகைக்குள், 400 மீட்டர் அளவுள்ள முகடு ஒன்று வடக்கு நோக்கி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், புயலின் இடமும் நாளும் அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினாலே கிடைத்துவிடும்.

மிதவை நிறமாலை கைக்கு வந்ததும், செயற்கைக்கோளையே நாடாமல் இதே விடையை இன்னொரு வழியிலும் பெறலாம். நீண்ட அலை விரைவாக ஓடுவதால் பதினெட்டு நொடி அலை முதலில் வரும். 6,000 கிலோமீட்டர் தொலைவுக்கு, பதினான்கு நொடி அலை அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் பின்தங்கி வரும். முகட்டின் அதிர்வெண்ணை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சரிவு தூரத்தையும், அது பூச்சியத்தைத் தொடும் இடம் புயலின் நாளையும் தரும். வால்டர் மங்க் குழுவினர் 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை நிலையங்களை அமைத்துத் தென்பெருங்கடல் ஸ்வெல்லைப் பின்தொடர்ந்தபோது நம்பியதும் இந்தப் பிரிகையைத்தான். ராடார் வழியாகவும் மிதவை வழியாகவும் கிடைக்கும் புயல் நாட்கள் அரைநாளுக்குள் பொருந்தினால், உங்கள் 210 மீட்டரை ஆய்வேட்டில் தயக்கமின்றி எழுதலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான படங்களையும் சேர்க்க எண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போது வீசும் பலத்த தென்மேற்குப் பருவக்காற்று கரையோரக் கடலைக் கலக்கி, வெட்டுநீளத்தை உயர்த்திவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் 154 மீட்டராகச் சுருங்கிய ஸ்வெல் அதற்குள் மூழ்கிப்போகக்கூடும். அந்த மாதங்களுக்குத் துண்டை நாற்பது ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு நகர்த்தி வெட்டுங்கள். மாலையில் ஏறும் பாதைப் படங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள், ஏனெனில் அந்தப் பாதை வடமேற்காகச் சாய்வதால் ஸ்வெல் பறப்புத் திசையிலிருந்து ஓரளவேனும் விலகி நிற்கும்.